பணம் கட்டிய கை

தங்கமுத்து மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தால் வழக்கு சுலபம் என்று அர்த்தம். அன்று கல்லூரி முதல்வர் அறையில் அவர் டப்பாவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், பொடி எடுக்காமலே மூடிவிட்டார். 

என் பெயர் ரோசலின். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடை மாடியில் இயங்கும் தங்கமுத்து துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளர். டைப் அடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வாயடிப்பதற்கு அவர் தனியாக எதுவும் தருவதில்லை. அதை நான் தர்மமாகச் செய்கிறேன்.

முதல்வருக்கு முன்னால் நின்றவன் பொன்னுத்துரை. குஜிலியம்பாறைப் பக்கத்துப் பையன், பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பு மாணவன். இரவில் எங்களுக்குக் கீழே பூட்டுக் கடையில்தான் படுத்துக்கொள்வான். அன்று காலை வகுப்பில் எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், இவன் பெயரைக் கூப்பிடவில்லை. எழுந்து கேட்டதற்கு, "நீதான் காலேஜை விட்டு நின்னுட்டியேப்பா" என்று பதில் வந்தது. முந்தாநாள் அவன் தகப்பனார் வந்து, மகனை நிறுத்திக்கொள்கிறேன் என்று கைநாட்டு வைத்து, கட்டிய கட்டணத்தில் முக்கால் பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பையன் அங்கிருந்து எங்கள் மாடிக்கு ஓடி வந்துவிட்டான்.

"எங்கப்பா வரல சார். அவரு வரவே முடியாது சார்" என்றான். 

முதல்வர் நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் அதன் பின்னால் போய் நின்றுகொள்ளும் ரகம். அதனால் கல்லூரியின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை.

"மிஸ்டர் தங்கமுத்து, இன்று மாலை நாலு மணிக்கு மாணவர் பட்டியலை மூடிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இவனுடைய விலகல் செல்லாது என்று அதற்குள் காட்டினால் இவன் பெயர் இருக்கும். இல்லையென்றால் அந்த இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். அவர்கள் வெளியே பணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்."

"அடுத்த வருசம் சேந்துக்கோயேன் தம்பி" என்றேன், பையனைத் தேற்றுவதாக நினைத்து.

"அடுத்த வருசம் விக்கிறதுக்கு வீட்டுல மாடு இல்லக்கா. இருந்த ஒத்த மாட்டை வித்துத்தான் ஆத்தா கட்டுச்சு."

 

வெளியே தாழ்வாரத்தில் பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகன், புதுச் சட்டை, குனிந்த தலை. அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டு அதைப் படிக்க முயன்றபோது, அவராகவே உதவிக்கு வந்தார்.

"ஏனுங்க, அது ஒண்ணுமில்லீங்க. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னால நின்னா, பதிவுக் கட்டணம் போக மிச்சமெல்லாம் திருப்பித் தருவாங்க. ஒரு மாசத்துக்குள்ள நின்னா முக்கால் பங்கு. அதுக்கப்புறம் சல்லிக்காசு கிடையாதுங்க. இன்னியோட மாசம் முடியுதுங்க. பணம் யாரு கட்டினாங்களோ அவங்க கையிலதான் தருவாங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றேன். இவ்வளவு தெளிவாக எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்கூடப் புரிந்ததில்லை.

பணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தர் பக்ருதீன். தங்கமுத்துவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அல்லா அறிய நான் ஆளை மாத்திக் கொடுக்கல சார். அட்மிஷன் அன்னைக்கு வந்த அதே ஆளுதான். வெள்ளை மீசை, தோள்ல துண்டு. அன்னைக்கு அவரு பணம் கட்டும்போது இந்தப் பையனும் பக்கத்துலதான நின்னான்!"

பொன்னுத்துரை தரையைப் பார்த்தான். தங்கமுத்து அதைக் கவனித்தார். ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வந்ததும் என்ன சொன்னாரு?"

"'மாசம் இன்னும் முடியலல்ல, முக்கால் பங்கு வரணும்'னு கேட்டாரு. எனக்கே அந்த விதி மறந்துபோச்சு சார். அவரு கேட்டப்புறம்தான் பலகையில போய்ப் பாத்தேன்."

"கைநாட்டு வைக்கிற மனுஷன், இங்கிலீஷ்ல ஒட்டுனதை எப்படிப் படிச்சாரு?"

பக்ருதீன் விழித்தார். தங்கமுத்து ஜன்னல் விளிம்பில் விரலால் தட்டினார். அவருக்குக் கொக்கி கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

"வேற ஏதாச்சும் வித்தியாசமா செஞ்சாரா?"

பக்ருதீன் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டார். "ஒண்ணு நடந்துச்சு. கால் பங்கு பிடிச்சுக்குவோம்னு சொன்னேன். சட்டுன்னு ஜன்னல் வழியாத் துண்டை எங் கைமேல போட்டு, உள்ள எம் விரலைப் பிடிச்சு அமுக்கினாரு. ரெண்டு தரம். நான் வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டேன்."

"உங்களைப் பொண்ணு பாக்க வந்திருப்பாரோ?" என்றேன்.

தங்கமுத்து சிரிக்கவில்லை. பையனின் பக்கம் திரும்பினார்.

"உழுது பொழைக்கிற சம்சாரி மாட்டை விக்கிறப்ப ஒதுங்கி நிப்பான். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறவன் தரகன். உங்கப்பா சம்சாரியா, தரகரா தம்பி?"

பையன் பக்ருதீனைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க வேணாம். வண்டியில ஏறு" என்றார் தங்கமுத்து. "இன்னைக்குச் சந்தை நாள்."

ஜட்கா வண்டி சந்தைப் பக்கம் குலுங்கிக்கொண்டு ஓடியது. மூன்று பேர் பாரத்துக்கு அந்தக் குதிரை எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பொன்னுத்துரை எங்கள் கண்ணைப் பார்க்காமலே பேசினான்.

"எங்கப்பா கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயி எம்புட்டோ காலமாச்சு. இருக்காரா இல்லையான்னே தெரியாது. காலேஜுல சேக்கணும்னா தகப்பன் வரணும்னு ஊருல சொன்னாக. ஆபீஸ்ல போயி நின்னா, புருசன் எங்கன்னு கேப்பாகன்னு ஆத்தாவுக்குப் பயம். தாலியும் கட்டியிருக்கு, ஆளும் இல்ல, என்னத்தச் சொல்லும்? அதான் எங்க மாட்டை வித்துக் கொடுத்த தரகர் மலைச்சாமியவே அப்பான்னு கூட்டிட்டுப் போனேன். வித்த பணத்தை அவருதான் கையில வச்சிருந்தாரு. அவரே ஜன்னல்ல நீட்டிட்டாரு."

"அதை முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நெசத்தச் சொன்னா, பொய் சொல்லிச் சேந்தவன்னு வெளிய அனுப்பிருவாக சார்."

எனக்குப் பையன்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. உண்மையைச் சொன்னாலும் படிப்பு போகும், சொல்லாவிட்டாலும் போகும். பதினேழு வயதில் யாருக்கும் இப்படி ஒரு கிடுக்கிப்பிடி வேண்டாம்.

"அப்போ ஆள் பணத்தோட கம்பி நீட்டியிருப்பான். சந்தையில என்ன சார் இருக்கு நமக்கு?" என்றேன்.

"போய்ப் பாத்தாத் தெரியும்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்பதை அவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார்.

சந்தையில் புழுதியும் சாணி வாடையும் கண்ணை மறைத்தன. பொன்னுத்துரை திடீரென்று வண்டியிலிருந்து குதித்து ஓடினான். வெள்ளை மீசைக்காரர் ஒருவர், யாரோ ஒருவரின் கையைத் துண்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

அவர் ஓடவில்லை. பதறக்கூட இல்லை.

"ஏலே அப்பு! நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாம இங்க என்னடா பண்ற?"

பொன்னுத்துரையின் கை தானாகத் தளர்ந்தது. அவன் பார்வை மலைச்சாமிக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே புதுக் கயிற்றில் கட்டிப்போட்ட ஒரு செவலை மாடு அவனைக் கண்டு தலையை ஆட்டியது. அது அவர்கள் வீட்டு மாடு. விற்றுப்போன மாடு.

மாட்டுக்கு அப்பால் புளியமர நிழலில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கையில் பழைய கயிறு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். பையனின் தாய் ஜக்கம்மாள். மாட்டை விற்பவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். கயிறு போனால் மாட்டுப்பட்டியின் ராசி போய்விடும் என்பார்கள்.

"மலைச்சாமி, வித்த மாடு எப்படித் திரும்பி வந்துச்சு?" என்றார் தங்கமுத்து.

மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்குனவரு திருப்பிட்டாருய்யா. எங்க தொழில்ல பழக்கிப் பாக்குறதுக்கு ஒரு மாசம் தவணை உண்டு. இது பீச்சாங்கைப் பக்கம் பூட்டுற மாடு. அவரு தண்ணி இறைக்கிற கவலையில சோத்தாங்கைப் பக்கம் பூட்டிப்பிட்டு, இழுக்கலன்னாரு. 'பக்கத்த நீ சொல்லவே இல்ல, பணத்தக் கீழ வை'ன்னாரு. நான் பேரத்துல சொல்ல மறந்தது நெசந்தான். பணமோ காலேஜுல கிடக்கு. எங்க போவேன்? காலேஜுல முக்கால் பங்கு வாங்கி, மிச்சத்துக்கு என் வீட்டுப் பாத்திரத்த அடகு வச்சுக் கொடுத்தேன். மாட்டை இன்னைக்கு வித்து, நாளைக்கே திரும்பக் கட்டிருவோம்னு இருந்தேன். காலேஜுல பணம் வாங்கினத இந்த ஆத்தாகிட்டக்கூடச் சொல்லல, மனசு நோகுமேன்னு."

"காலேஜு சந்தை இல்ல மலைச்சாமி. விட்ட இடத்துல உடனே வேற ஆளு உக்காந்திருவான். நாலு மணிக்கு உக்காரப் போறான்."

 ஜக்கம்மாள் மகனைப் பார்த்தாள்.

"அப்ப எம் மகன் பேரு அங்க இல்லையா?"

 அவள் கையிலிருந்த கயிற்றை முறுக்கிக்கொண்டே நின்றாள். மலைச்சாமி அவளைப் பார்க்க மாட்டாமல் மாட்டின் கழுத்தைத் தடவினார்.

தங்கமுத்து அவர் தோளைத் தொட்டார். "ஒரே ஒரு கேள்வி. ஒரு மாசம், முக்கால் பங்கு, இந்த விதியெல்லாம் உமக்கு யாரு சொன்னது?"

"மாட்டைத் திருப்புன மவராசன்தான்! 'காலேஜுல போய்க் கேளு, அவங்க விதி அப்படி'ன்னாரு. நல்ல மனுசன்தான்யா. ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி, தோட்டத்துல ஏழு ஜோடி மாடு. வாய் நிறைய 'ஏனுங்க, ஏனுங்க'ம்பாரு."

"அவருக்குக் காலேஜுல கட்டுன கதை எப்படித் தெரியும்?"

"வித்த அன்னைக்கே நான்தான் சொன்னேன். 'இந்தப் பய படிப்புக்காகத்தான் விக்கிறாக, நான்தான் அப்பனா நிக்கப் போறேன்'னு சிரிச்சுக்கிட்டே…"

 அந்த வெற்றிலை வாய்க்கு நான் நன்றி வேறு சொல்லியிருந்தேன்!

"ஏழு ஜோடி வச்சிருக்கிறவர் மாட்டுக் கழுத்தைத் தடவிப் பாக்காமலா வாங்கினாரு?" என்றார் தங்கமுத்து.

மலைச்சாமி யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "தடவிப் பாத்தாருய்யா. நுகம் அழுத்துன காய்ப்பு இருக்கிற இடத்தைத் தொட்டாலே எந்தப் பக்கத்து மாடுன்னு தெரிஞ்சிரும். அடப்பாவி! தெரிஞ்சேதான் வாங்கியிருக்கான்!"

"திருப்பித் தரவே வாங்கியிருக்கார். மகனுக்கு ஒரு இடம் காலியாகணும், அம்புட்டுத்தான்."

"ஆத்தா, நீங்களும் வாங்க" என்றேன். ஜக்கம்மாள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"நான் வரமாட்டேன் தாயி. புருசன் எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"வாசல் வரைக்கும் வாங்க. மாட்டையும் ஓட்டிக்கிட்டு மகனோட வாங்க" என்ற தங்கமுத்து மலைச்சாமியை ஜட்காவில் ஏற்றினார். வண்டிக்காரரிடம் நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு அந்தக் குதிரையே இரக்கப்பட்டு ஓடியது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது முதல்வர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். மண்டி சோலைமுத்து, அதுதான் பட்டுக்கரை வேட்டியின் பெயர், மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டு மகனோடு நின்றார். பக்ருதீன் ரசீதுப் புத்தகத்தோடு ஓரமாக நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் தங்கமுத்து. "பொன்னுத்துரையோட தகப்பனார் இதோ வந்துட்டாரு. கொடுத்த விலகலைத் திரும்ப வாங்கிக்கிறாராம்."

நான் திடுக்கிட்டேன். தங்கமுத்து எந்த வழக்கிலும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மலைச்சாமி என்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டு, தலையைச் சொறிந்தார்.

முதல்வர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீர்தான் தகப்பனாரா? நீரே வந்து சொன்னால் யோசிக்கலாம்."

"என்னதுங்க! இவனா தகப்பன்?" சோலைமுத்து முன்னால் பாய்ந்தார். "இவன் மாட்டுத் தரகனுங்க! பேரு மலைச்சாமி. அந்தப் பையனுக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லைங்க!"

தங்கமுத்து டப்பாவைத் திறந்து நிதானமாக ஒரு சிட்டிகை எடுத்தார்.

"சரியாச் சொன்னீங்க. இவர் தகப்பன் இல்ல. அப்போ இவர் வச்ச கைநாட்டுல பையன் எப்படி காலேஜை விட்டு நிக்க முடியும்? அந்த விலகலே செல்லாதே சார்."

 முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் சோலைமுத்து, இவரைத் தரகர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோலைமுத்து வெற்றிலையை விழுங்கிவிட்டார். தங்கமுத்து நாலே வாக்கியத்தில் மாட்டுக் கதையைச் சொன்னார். மலைச்சாமி ஒவ்வொன்றுக்கும் "ஆமய்யா" போட்டார். ஆனால் மண்டிக்காரர் சும்மா மண்டி நடத்தவில்லை. சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்.

"சரிங்க. விலகல் பொய்யின்னா சேர்க்கையும் பொய்தானுங்களே? அன்னைக்கு நின்னதும் இந்தத் தரகன்தானுங்களே?"

முதல்வரின் முகம் இறுகியது. "அது உண்மைதான். பொய்த் தகப்பனாரைக் காட்டிச் சேர்ந்த மாணவனை நான் எப்படி வைத்துக்கொள்வது?"

 தங்கமுத்துவின் கையில் பொடி அப்படியே இருந்தது. 

"நான்தான் பொய் சொன்னேன் சார்."

வாசலில் பொன்னுத்துரை நின்றான். வேர்த்து விறுவிறுத்திருந்தான். "அவரு எங்கப்பா இல்ல. எங்கப்பா எங்க இருக்காருன்னே தெரியாது. எங்க ஆத்தாவுக்கு இங்க வந்து நிக்கப் பயமாயிருந்துச்சு, எனக்கு வெக்கமாயிருந்துச்சு. பணம் எங்க ஆத்தாவோடது. வேற யாரும் கொடுக்கல சார்."

பக்ருதீன் மெதுவாகக் கனைத்தார். "சார், பையனைச் சேத்தது மார்க்கைப் பாத்துத்தான். அப்பா முகத்தைப் பாத்து இல்ல. விதியிலயும் தகப்பனார் இல்லேன்னா காப்பாளர்னுதான் இருக்கு. பணம் கட்டியவருக்குத்தான் திருப்பித் தரணும்னும் இருக்கு."

"இந்த அம்மா கட்டிய பணம் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் முதல்வர். ஜக்கம்மாள் மகனுக்குப் பின்னால், வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒடுங்கி நின்றிருந்தாள்.

"கையில கயிறு இருக்கு சார்" என்றார் தங்கமுத்து. "மாட்டை வித்தவுக பழைய கயித்தைக் கொடுக்க மாட்டாக. மண்டிக்காரரையே கேளுங்க. அன்னைக்கு இந்தக் கயித்தை அவிழ்த்துக்கிட்டு வெறும் மாட்டை உங்க கையில கொடுத்தது யாரு?"

 பதில் சொன்னது அவர் மகன். இத்தனை நேரமும் அவன் தலை நிமிர்ந்து நான் பார்க்கவே இல்லை.

"இந்த அம்மாதானுங்க. நானும் கூட இருந்தேனுங்க. அப்பா, வாங்க போலாம்ங்க. இந்த இடம் எனக்கு வேண்டாம்ங்க."

அந்தப் பையனைக் கட்டி அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"மாடு வாசல் கேட்டுல நிக்குது" என்றார் தங்கமுத்து. "தெரிஞ்சே வாங்குனதைத் திருப்பினா சந்தையில உங்க பேரு என்னாகும்னு மலைச்சாமிக்குத் தெரியும். பணத்தை மலைச்சாமி கையில கொடுத்துட்டு, ஓட்டிக்கிட்டுப் போங்க. வீட்டுல பீச்சாங்கைப் பக்கம் பூட்டிப் பாருங்க, நல்லா இழுக்கும்."

மேஜைமேல் இருந்த பணம் மலைச்சாமியின் கைக்குப் போனது. அடகு வைத்த பாத்திரத்துக்கு உரியதை அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜக்கம்மாளிடம் நீட்டினார். தகப்பனும் மகனும் வெளியேறினார்கள். பக்ருதீன் ஜன்னலுக்கு ஓடவில்லை, ரசீதுப் புத்தகத்தை அங்கேயே விரித்தார்.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கடைசியாக வாசற்படியைப் பார்த்தார்.

"உள்ளே வாருங்கள் அம்மா."

அவள் வந்தாள்.  மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டு, ஒரு கையால் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் பெயர்?"

"ஜக்கம்மா, சாமி."

"பையனுக்குக் காப்பாளர் நீங்கள்தானே?"

"நான்தான் பெத்தேன், நான்தான் வளத்தேன்."

பக்ருதீன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் பெருவிரலை அழுத்தி வைத்தாள். பிறகு கையை எடுக்காமல், முதல்வரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருசன் எங்கே என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். முதல்வர் பட்டியலில் பொன்னுத்துரையின் பெயரை எழுதினார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார்.

"போய் வாருங்கள் அம்மா. அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் கேக்கலையா சாமி?"

"வேறு என்ன கேட்க வேண்டும்?"

ஜக்கம்மாள் தாலியை விட்டாள். மகனின் பக்கம் திரும்பினாள்.

"ஏலே அப்பு, அம்புட்டுத்தானாடா?"

பொன்னுத்துரை தலையாட்டினான். மாடு விற்றதற்கும் அழாதவள், பெயர் போனதற்கும் அழாதவள், மை ஒட்டிய விரலை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.